படிவத்தில் சிவப்புக் குறி போட்டது யார்?

1/ ரெண்டாம் உலகப்போரில் ஹிட்லர் ஜெயிச்சிருந்தா? பிலிப் கே. டிக் 1962-ல் எழுதின 'தி மேன் இன் தி ஹை காசில்' நாவல் அந்தக் கற்பனைதான். 2015-ல் அமேசான் சீரிஸாகவும் வந்தது. சீரிஸ் கதை கொஞ்சம் சொல்லப்போறேன், பார்க்காதவங்க உஷார்.

2/ ஜான் ஸ்மித், முன்னாள் அமெரிக்க ராணுவ அதிகாரி. தோத்தபிறகு நாஜி சீருடை போட்டு உயர்பதவிக்கு வந்தவர். ஒருநாள் டாக்டர் சொல்றார்: "உங்க மகனுக்குத் தசைச்சிதைவு நோய்." சட்டப்படி அந்தப் பையன் வாழக்கூடாது. முடிச்சிட ஊசியும் கொடுக்கிறார். அடுத்தவங்க பிள்ளைகளுக்குன்னு அவர் ஏத்துக்கிட்ட சட்டம் அவர் வீட்டுக்கே வந்துடுச்சு.

3/ இதுல கற்பனை ரொம்பக் கம்மிங்க. 1939-ல் ஜெர்மனியில் தொடங்கின டி4 திட்டத்தில் மனநோயாளிகள், மாற்றுத்திறனாளிகளோட படிவங்களை டாக்டர்கள்தான் பார்த்தாங்க. சாகணும்னா சிவப்பில் கூட்டல் குறி, வாழலாம்னா நீலத்தில் கழித்தல் குறி. நோயாளியை நேரில் பார்க்கவே இல்ல. 1941 ஆகஸ்டுக்குள் சுமார் 70,000 உயிர்கள்.

4/ இந்த மாதிரிக் கதைகளில் நாம துப்பாக்கி தூக்குற ஹீரோவையே தேடுறோம். படிவம் நிரப்புற ஆளையும் கவனிங்க. ஒடுக்குமுறை தினமும் நடக்கிறது அவர் மேஜையிலதான்.

5/ "இவங்கள்லாம் நாட்டுக்குப் பாரம்"னு யாராவது சொன்னா தலையாட்டாதீங்க. அந்தச் சிவப்புக் குறிக்கு முன்னாடி வந்ததும் இதே பேச்சுதான்.