லிமிடெட் என்றால் என்ன?

கம்பெனி ஆரம்பிக்கிறவர்கள் நல்ல நாள் பார்க்கிறார்கள். எண் ஜோசியனைக் கேட்டுப் பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். ஆனால் பலகையின் கடைசியிலுள்ள 'லிமிடெட்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் விழிக்கிறார்கள். கம்பெனி முழுகினாலும் பங்குதாரன் தான் எடுத்த பங்குத் தொகைக்கு மேல் கடனுக்குப் பொறுப்பாளியல்ல என்பதுதான் 1855-ல் இங்கிலாந்தில் சட்டமான இவ்வார்த்தையின் கருத்தாகும். ஆனால் நம்மவர்களோ பாங்கியில் கடன் வாங்கும்போது 'பர்சனல் கியாரண்டி' என்ற காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டு, அந்தப் பாதுகாப்பைத் தாங்களே தொலைத்துவிடுகிறார்கள். விளங்காத மந்திரத்திற்குத் தட்சணைதான் போயிற்று, இதற்கு வீடே ஏலத்திற்குப் போகிறது. அப்போதும் பழி சனியின் மேல்தான்! வரிவரியாய்த் தமிழில் சொல்லக் கேட்ட பிறகு பேனாவை எடுத்தாலென்ன என்றுதான் நாம் கேட்கிறோம். அதுவரை பாங்கிக்காரர் காத்திருக்கட்டுமே, ராகுகாலம் கழியக் காத்திருக்கவில்லையா?