புஸ்பகோம் பாஸ் ஆன பிறகு

"புஸ்பகோம் பாஸ் ஆயிடுச்சுண்ணே. இன்னும் என்னத்தப் பார்க்கணும்?"

பிரிக்பீல்ட்சில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்த தம்பி, கைப்பேசியை என் பக்கம் தள்ளினான். திரையில் ஒரு வெள்ளை பிஎம்டபிள்யூ எக்ஸ்5. 2016-இல் புதிதாக வந்தபோது அதன் விலை 4 லட்சம் வெள்ளியை ஒட்டி இருந்தது. இப்போது கேட்பது ஒரு லட்சத்துக்குப் பக்கம். புதிய புரோட்டோன் எக்ஸ்70 எடுக்கிற காசில் தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, கதவைச் சாத்தினால் 'டொப்'பென்று ஒரு கனமான சத்தம். ஆசை வருவதில் அதிசயம் இல்லை. ஆனால் அவன் கேள்விக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது. பழைய கார் வாங்கும் பலருக்கும் இருக்கிற குழப்பம்தான்.

1994-இல் தொடங்கிய புஸ்பகோம், முப்பது ஆண்டுகள் இந்த நாட்டின் கட்டாய வாகனச் சோதனையைத் தனியுரிமையாக நடத்தியது. 2024-இல்தான் வேறு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. பெயர் மாற்றப் போனால் பி5 சோதனை, வங்கிக் கடனில் வாங்கினால் பி7. அங்கே முக்கியமாகப் பார்ப்பது, கிராண்டில் எழுதியிருக்கிற கார்தான் இதுவா என்று. இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒத்துப்போக வேண்டும், வெட்டி ஒட்டிய தடயம் இருக்கக் கூடாது. கூடவே சாலையில் ஓடத் தகுந்ததா என்று பார்ப்பார்கள். கியர் பாக்ஸ் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. அடையாள அட்டையைச் சரிபார்க்கிறவரிடம் போய் என் சர்க்கரை அளவு எவ்வளவு என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

அடுத்து எல்லாரும் கேட்பது எந்த பிராண்ட் நல்லது என்று. லெக்சஸ் ஆர்எக்ஸ் அதிகம் தொல்லை தராது, பழைய ரேஞ்ச் ரோவர் பையைக் காலி செய்யும் என்று பட்டறைகளில் சொல்வதில் உண்மை உண்டு. ஆர்எக்ஸ், ஜப்பானில் 1997 முதல் டொயோட்டா ஹாரியர் என்ற பெயரில் விற்ற வண்டியிலிருந்து வந்தது. அந்தப் பாரம்பரியம் அதற்குக் கைகொடுக்கிறது. ஆனால் அதெல்லாம் சராசரிக் கணக்கு. சராசரியை யாரும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவதில்லை. பத்து வருடம் ஒழுங்காகப் பராமரித்த ஐரோப்பியக் காரும், எண்ணெய் மாற்றவே மறந்துபோன லெக்சசும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் நான் ஐரோப்பியக் காரைத்தான் எடுப்பேன்.

ஏன் என்றால், விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். அதன் சாமான்களுக்கு இறங்கவில்லை. 4 லட்சம் வெள்ளிக் காருக்குச் செய்த பம்ப், கார் ஒரு லட்சத்துக்கு வந்துவிட்டது என்பதற்காகக் கால் விலைக்குக் கிடைக்காது. முதல் உரிமையாளர் கம்பெனி கணக்கில் ஓட்டியிருப்பார், சர்வீஸ் பில்லைப் பார்த்தே இருக்கமாட்டார். இரண்டாமவர் வசதிக்காரர், முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்பார். மூன்றாவது கைக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது. மாதத் தவணைக்கே மூச்சு முட்டுகிறவர், "இந்தச் சத்தம் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்பார். அடுத்த மாதம் விளம்பரம் போடுவார். அவர் தள்ளிப்போட்ட பில்கள்தான் உங்கள் கைக்கு வருகின்றன. நம்பகத்தன்மை என்று நாம் தேடுவது பெரும்பாலும் முன்னவரின் பழக்கத்தைத்தான்.

அந்தப் பழக்கம் முதலில் தெரிவது டயரில். புதுக் கார் எடுத்தால் கோயில் வாசலில் நிறுத்தி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அதே நான்கு டயரையும் வாங்கும் முன் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். நான்கிலும் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே தேதி, ஒரே தேய்மானம் என்றால் நல்ல அடையாளம். முன்னால் ஒரு பிராண்ட், பின்னால் கேள்விப்படாத இன்னொரு பிராண்ட் என்றால் அவர் காசைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். விஷயம் அதோடு முடியாது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துத் தேய்ந்துபோகும். டயரில் மிச்சம் பிடித்த சில நூறு வெள்ளி, அங்கே பல ஆயிரமாகத் திரும்பி வரும்.

அடுத்தது, காரைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கிள்ளானில் இருக்கும் என் மைத்துனருக்கு ஒரு ஐரோப்பிய எஸ்யூவி பார்க்கப் போனோம். கடை வாசலில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே குளிர் பதமாக இருந்தது, கார் நிமிர்ந்து அழகாக நின்றது. வாங்கிய மூன்றாம் நாள் காலையில் அவர் கேட்டைத் திறந்து பார்த்தால், நாய் குந்தியிருப்பதுபோல் பின்பக்கம் தரையோடு இறங்கிக் கிடந்தது. ஏர் சஸ்பென்ஷனில் பின்பக்கக் காற்றுப் பை கசிகிறது. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அந்த ரப்பர் மடிப்பில் வெடிப்பு விடுவது சகஜம். இஞ்சின் ஓடும்வரை கம்ப்ரசர் காற்றை அடித்து அடித்துக் கசிவை மறைத்துவிடும். இரவு முழுக்க நின்றால்தான் குட்டு வெளிப்படும். ஓயாமல் ஓடிய கம்ப்ரசரும் சீக்கிரமே கையை விரித்தது. ஒரு பைக்கு ஆக வேண்டிய செலவு இரண்டு சாமானுக்கு ஆனது.

அதனால் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் எத்தனை விரல் போகிறது என்று நான்கு மூலையிலும் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து முதல் இரண்டு மூன்று நொடி காதைக் கொடுங்கள். சங்கிலியைக் குலுக்குகிற மாதிரி ஒரு சலசலப்பு வந்து அடங்கினால், டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். குளிர்ந்த இஞ்சின் பொய் சொல்லாது. அதன்பின் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு எல்டிபி சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து வாருங்கள். கூலிங் பகுதியில் பிளாஸ்டிக் குழாய் வெடித்திருந்தாலும், மின்விசிறி தளர்ந்திருந்தாலும், காட்டிக்கொடுப்பது நெடுஞ்சாலை அல்ல, அந்த நெரிசல்தான்.

கிலோமீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பத்து வருசத்துல எம்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பொய்யாக இருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும் நல்ல செய்தி என்று சொல்ல முடியாது. சில கார்களில் இஞ்சின் ஓடிய மணி நேரமும் கம்ப்யூட்டரில் பதிவாகும். 80,000 கிலோமீட்டருக்கு 4,000 மணி நேரம் என்றால், சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் ஊர்ந்த கார் அது. அந்த இஞ்சினின் உழைப்பை மீட்டர் காட்டாது. மீட்டரைத் திருத்தியிருந்தால் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஜெர்மன் கார்கள் பலவற்றில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை, வேறு சில கம்ப்யூட்டர்களிலும் பதிந்திருக்கும். நல்ல ஸ்கேன் கருவியை மாட்டினால் கணக்கு உதைக்கும் இடம் தெரியும்.

ஸ்கேன் என்றதும் "பிழையே இல்லை" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். முந்தின நாள் எல்லாப் பிழையையும் அழித்துவிட்டு எடுத்த தாளாகவும் அது இருக்கலாம். அழித்தால் காரின் சுயசோதனைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், சில நாள் ஓட்டினால்தான் முடியும். எனவே பிழை இருக்கிறதா என்பதோடு, சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். பாதிக்கு மேல் முடியாமல் கிடந்தால், யாரோ நேற்றுத்தான் துடைத்திருக்கிறார்.

பிஎம்டபிள்யூ, லேண்ட் ரோவர், ஆவ்டி எஸ்யூவிகள் பலவற்றில் இருப்பது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் செய்த எட்டு வேக கியர் பாக்ஸ். உறுதியான சாமான். அதன் எண்ணெய் வாழ்நாளுக்கும் போதும் என்று கார் கம்பெனிகள் சொன்னதை நம்பி பலர் தொடவே இல்லை. கியர் பாக்சைச் செய்த இசட்எஃபோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள், மாற்றச் சொல்கிறது. யாருடைய வாழ்நாள் என்று கார் கம்பெனி சொல்லவில்லை. மாற்றிய ரசீதைக் கேளுங்கள்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைவரை தண்ணீர் ஏறியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கிள்ளான் பக்கமும் தப்பவில்லை. எத்தனையோ கார்கள் மூழ்கின. சாதாரண முழுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை, அதற்குத் தனியாகச் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். கட்டாதவருக்கு இழப்பீடு இல்லை. இழப்பீடு கேட்காத காருக்கு எந்தப் பதிவும் இல்லை. காயவைத்து, கழுவி, வாசனை அடித்து விற்றிருந்தால் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கையால்தான் தேட வேண்டும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசி அரை அடியில் சேற்று நிறத்தில் ஒரு கோடு தெரிகிறதா? இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். பின்னால் உபரிச் சக்கரம் இருக்கும் குழியில் விரல் விட்டுப் பாருங்கள். சொகுசுக் காரில் இது ஏன் அதிகம் முக்கியம் என்றால், அதன் கம்ப்யூட்டர்கள் பல தாழ்வான இடத்தில் இருக்கின்றன. போர்ஷ் கயேன் போன்றவற்றில் பேட்டரியே முன்னிருக்கைக்கு அடியில்தான். முட்டி அளவுத் தண்ணீர் போதும். இன்று ஓடும், ஒரு வருடம் கழித்து ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும். காருக்குள் ஏறியதும் மல்லிகை வாசனை தூக்கலாக வந்தால் எனக்கு முதலில் தாமான் ஸ்ரீ மூடாதான் ஞாபகத்துக்கு வரும்.

கிள்ளான் துறைமுகம் வழியாக ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருகிற ரிக்கோண்டு கார்களுக்குக் கேள்விகள் சற்று வேறு. விளம்பரத்தில் 2018/2021 என்று இருந்தால், செய்த வருடம் 2018, இங்கே பதிந்த வருடம் 2021. காரின் வயது முதல் எண்ணிலிருந்துதான். ஜப்பான் கார் என்றால் ஏலத் தாளின் மூலப் பிரதியைக் கேளுங்கள். 4.5, 4 என்று இருக்கும் தரம், ஆர் என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுப் பழுது பார்த்தது. இங்கிலாந்துக் கார் என்றால் அங்கத்திய பதிவெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வயதைத் தாண்டிய பிறகு அனுப்பப்பட்டிருந்தால், ஆண்டுச் சோதனையில் குறித்த கிலோமீட்டரை பிரிட்டன் அரசின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். பதிவெண்ணைத் தர ஒருவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

தம்பி பார்த்த எக்ஸ்5, செருகி மின்னேற்றும் ஹைபிரிட் வகை. வரிச் சலுகையால் 2016-க்குப் பிறகு இங்கே அதுவும் வோல்வோ எக்ஸ்சி90-யும் நிறைய விற்றன. அவற்றின் பேட்டரி உத்தரவாதம் முடிந்துவிட்டது, அல்லது முடியும் தறுவாயில் இருக்கிறது. புதிதாக இருந்தபோது அந்த எக்ஸ்5 மின்சாரத்தில் மட்டும் 30 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். முழுக்க மின்னேற்றிவிட்டு எத்தனை ஓடுகிறது என்று ஓட்டிப் பார்த்தால் பேட்டரியின் நிலை தெரிந்துவிடும். பத்தைத் தாண்டவில்லை என்றால் விலையைப் பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

இதையெல்லாம் நாமே செய்ய முடியுமா? பாதியை முடியும். மீதிக்கு அந்த பிராண்டை மட்டுமே தொடுகிற தனிப் பட்டறை ஒன்று வேண்டும். சில நூறு வெள்ளி வாங்கிக்கொண்டு காரைத் தூக்கிப் பார்த்துச் சொல்வார்கள். விற்பவர் கைகாட்டும் பட்டறைக்குப் போகாதீர்கள். என் வழக்கம், காரைத் தேடும் முன் பட்டறையைத் தேடுவது. கிள்ளான் பக்கம் ஹாஃப் கட் சாமான் கிடைக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். கதவு, கண்ணாடி, பம்பருக்கு அது சரி. கம்ப்யூட்டர் சாமான்கள் பல அந்தந்தக் காரின் எண்ணோடு பூட்டப்பட்டவை, மாற்றி மாட்டினால் வேலை செய்யாது.

சாலை வரி குறைவு என்பதும் பலரை இழுக்கிறது. தீபகற்பத்தில் 3,000 சிசி சலூன் காருக்கு 2,000 வெள்ளிக்கு மேல் கட்ட வேண்டும், அதே அளவு எஸ்யூவிக்கு 1,700-க்குள் முடிந்துவிடும். அந்தச் சில நூறு வெள்ளி மிச்சத்தை ஒரே ஒரு காற்றுப் பை தின்றுவிடும். வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடப் பழுதுக்கென்று தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இந்த வகைக் காரை வாங்கக் கூடாது என்பது என் கட்சி. தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

அப்படியும் வாங்கி ஏமாந்தால்? கடைக்காரர் பில்லில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருந்தாலும் மனம் தளர வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு வரி எழுதிப் பறித்துவிட முடியாது. வியாபாரியிடம் வாங்கிய காருக்குத்தான் இது செல்லும், தனி ஆளிடம் வாங்கியதற்குச் செல்லாது. விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளிவரை மூன்று ஆண்டுக்குள் கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 வெள்ளி.