“நாளை” என்னும் கண்ணி

கற்புநெறிக்கு எதிரான பாவத்தில் வீழ்ந்தபின், பாவசங்கீர்த்தனத்தை “நாளை, நாளை” என நாம் ஒத்திப்போடுகிறோம். புனித அகுஸ்தீனாரும் இக்கண்ணியில் சிக்கியவரே.

இளமையில் கார்த்தேஜ் நகரில் மணமின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்து, ஒரு மகனுக்குத் தந்தையானார் அவர். கற்பை வேண்டி மன்றாடினார். ஆயினும் இறைவன் உடனே கேட்டருளிவிடுவாரோ என்றும் அஞ்சினார்! பின்னர் மிலான் நகரில், வேறு திருமணத்தின் பொருட்டு அப்பெண் அவரிடமிருந்து விலக்கப்பட்டாள். அவள், இனி எந்த ஆடவனையும் அறியேன் என நேர்ந்துகொண்டு ஆப்பிரிக்கா திரும்பினாள். அவரோ மற்றொருத்தியை நாடினார். அவர் ஒத்திப்போட்ட மனமாற்றத்தின் விலையை அவளன்றோ செலுத்தினாள்! நம் பாவம் நம்மோடு நின்றுவிடுவதில்லை.

386-ஆம் ஆண்டு மிலான் தோட்டமொன்றில் அவர் கண்ணீர் மல்க இறைவனிடம் சரணடைந்தார். மறு ஆண்டு பாஸ்காத் திருவிழிப்பில் மகனோடு திருமுழுக்குப் பெற்றார்.

நாமும் நாணத்தால் தயங்குகிறோமா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போயினும் வெளியிடார். மெய்யான மனஸ்தாபத்தோடும், பாவச் சந்தர்ப்பங்களை விலக்கும் உறுதியான பிரதிக்கினையோடும், நம்மால் துன்புற்றோர்க்குப் பரிகாரம் செய்யும் மனத்தோடும் இச்சனிக்கிழமையே செல்வோமாக. நாளை நம் கையில் இல்லை, இன்று இருக்கிறது.