இடம் பார்த்துக் கூடாரம் அடி!

விடுமுறை நெருங்கிவிட்டால் வெள்ளானூரில் எங்கள் வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். பெரியவன் "மலை" என்பான். சின்னவள் "தண்ணி" என்பாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "செலவு" என்பார். அதோடு அன்றைய கூட்டம் கலைந்துவிடும்.

போன மாதம் எதிர்த் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆறு வயதில் ஒன்றும் மூன்று வயதில் ஒன்றுமாக அவளுக்கு இரண்டு குழந்தைகள். "அக்கா, ஆத்தோரமா டென்ட் போட்டுத் தங்கற இடமெல்லாம் இப்ப நிறைய வந்திருக்காமே! போட்டோவைப் பார்த்தாலே ஆசையா இருக்கு. எந்த இடத்துக்குப் போகலாம், சொல்லுங்களேன்" என்றாள்.

"எந்த இடம்னு அப்புறம் சொல்றேன். இடத்தை எப்படிப் பார்க்கணும்னு முதல்ல தெரிஞ்சுக்கோ" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இந்த இதழில் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். இதில் பாதி என் மாமியாரிடம் நான் கற்ற பாடம்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய காலாண்டு லீவு. என் தம்பி குடும்பமும் நாங்களுமாக எட்டுப் பேர் கிளம்பினோம். ஆந்திர எல்லைப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சிற்றாறு. பக்கத்துத் தோப்புக்காரர் கூடாரம் வாடகைக்குக் கொடுத்தார். ஆற்றின் நடுவே பஞ்சு மெத்தை மாதிரி ஒரு மணல் திட்டு. ஒரு ஓரமாகக் கணுக்கால் அளவு தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல இடம் எது என்று அங்கேயே கூடாரத்தை அடித்துவிட்டோம். பிள்ளைகள் தண்ணீரை விட்டு எழவே இல்லை.

அத்தை மட்டும் உட்காரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கரையோரம் இருந்த வேலிகாத்தான் புதரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஏம்மா, இங்க வா. இது இன்னான்னு பாரு" என்றார்கள். முள்ளில் கந்தல் துணி, வைக்கோல், பிளாஸ்டிக் பை எல்லாம் சிக்கிக் காய்ந்து கிடந்தன. தரையிலே இல்லை; அத்தையின் தோள் உயரத்தில்!

"குப்பை காத்துல பறந்து வந்திருக்கும்மா" என்றார் அவர்.

"காத்துல வந்தா ஒண்ணு ரெண்டு மாட்டும். இது வரிசையா ஒரே மட்டத்துல மாட்டிக்கினு இருக்குது பாரு. தண்ணி இது வரைக்கும் வந்திருக்குதுடா தம்பி. நான் இங்க படுக்க மாட்டேன். கொழந்தைங்களையும் படுக்க வுட மாட்டேன்."

"இங்கே மழையே இல்லை, பயப்படாதீங்க" என்றார் தோப்புக்காரர். அத்தை காதில் வாங்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் கூடாரத்தைப் பிரித்து, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கரைமேல் இருந்த மேட்டுக்கு ஏறினோம். நான் உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி தூரத்தில் மலைப் பக்கம் மின்னியது. எங்கள் தலையில் ஒரு தூறல்கூட விழவில்லை.

விடிகாலையில் 'ஹோ' என்று ஒரு இரைச்சல். எழுந்து பார்த்தால் மணல் திட்டையே காணோம்! செம்மண் கலங்கலாகத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. சாயங்காலம் என் மகளைப் படுக்க வைக்கப் பாய் விரித்த இடத்தில் ஒரு முழு வாழை மரம் உருண்டு போயிற்று. அவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றார். அத்தை மட்டும், "காபித்தூள் எங்க வச்சே?" என்றார்கள்.

தண்ணீர் சொல்லும் கதை

ஏரிகள் சூழ்ந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் அத்தை. எந்த ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக எந்தப் பக்கம் பாயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஆவடி சுற்றுவட்டாரத்தில் பட்ட பாடு நமக்கு மறந்தா போயிற்று? ஆனால் லீவுக்குக் கிளம்பும்போது மட்டும் அந்த அறிவை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறோம்.

தண்ணீர் பக்கத்தில் தங்குவதென்றால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, புதரிலும் மரத்திலும் குப்பை எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்பது. இரண்டு, பாறையிலும் பாலத்துத் தூணிலும் தண்ணீர்க் கறை எது வரை இருக்கிறது என்பது. மூன்று, ஆற்றுக்குள்ளேயே இருக்கும் மணல் திட்டு, ஓடை வளைவு, இரண்டு ஓடை கூடும் இடம். இவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நான்கு, மேலே அணையோ மலையோ இருக்கிறதா என்பது. இருந்தால், இங்கே மழை இல்லை என்பது ஒரு சமாதானமே ஆகாது.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது.

"அனுமதி வாங்கி நடத்துற இடம்தானே?" என்று சிலர் கேட்பார்கள். 1996 ஆகஸ்ட் 7-ம் தேதி ஸ்பெயின் நாட்டில் பியஸ்காஸ் என்ற மலையடிவார ஊரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே இருந்ததும் அனுமதி பெற்று நடந்த முகாம்தான். ஆனால் மலை ஓடை காலங்காலமாகக் கல்லும் மண்ணும் கொண்டு வந்து கொட்டிய இடத்தில் அதை அமைத்திருந்தார்கள். ஒரு சாயங்கால மழையில் ஓடை தன் பழைய வழியிலேயே திரும்பி வந்தது. 87 பேர் இறந்தார்கள். அனுமதிச் சீட்டைத் தண்ணீர் படித்துப் பார்ப்பதில்லை, சகோதரிகளே!

மாதமும் ஒரு இடம்தான்

இடத்தைப் போலவே மாதமும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் பருவமழை. அப்போது ஆற்றங்கரை வேண்டாம். கோடையில் காட்டு மலை வேண்டாம். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பலர் மகளிர் தினத்தையொட்டி மலையேறப் போன இளம் பெண்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை அரசே அறிவித்தது. வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

யானை நடமாடும் காட்டை ஒட்டிய கூடாரமும் குழந்தைகளுக்கு ஆகாது. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். துணிச் சுவர் யானைக்கு எம்மாத்திரம்?

என்னைக் கேட்டால் பொங்கலை ஒட்டிய நாட்கள் உத்தமம். மழை ஓய்ந்திருக்கும், ஏரி நிறைந்திருக்கும், வெயிலும் வாட்டாது. ராத்திரிப் பனிக்குக் குழந்தைகளுக்கு ஒரு குல்லா மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆண்கள் போன் செய்தால் "வாடகை எவ்வளவு, கார் நிறுத்த இடம் உண்டா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். மற்றதை நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் கழிப்பறை. கூடாரத்திலிருந்து எத்தனை அடி தூரம்? ராத்திரி விளக்கு எரியுமா? உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? கூச்சப்படாமல் கேளுங்கள். இதற்குச் சரியான பதில் வராவிட்டால் அந்த இடமே வேண்டாம்.

இரண்டாவது, குடிக்கிற தண்ணீர். ஆற்று நீர் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் கொதிக்க வைக்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்தே ஒரு கேன் தண்ணீர் எடுத்துப் போவது நல்லது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, பக்கத்து அரசு ஆஸ்பத்திரி எங்கே, அங்கே பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறதா, கூடாரம் போடும் இடத்தில் 108-க்குப் பேச போன் சிக்னல் கிடைக்குமா என்பது. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வைக்கோல் போர், விறகுக் குவியல், எலி வளை இவற்றின் பக்கத்தில் கூடாரம் வேண்டாம். காலையில் செருப்பை உதறிவிட்டுத்தான் போட வேண்டும்.

தென்னை, பனை அடியில் படுக்காதீர்கள். மட்டையும் காயும் நேரம் பார்த்து விழுவதில்லை. இடி மின்னல் என்றால் தனி மரத்தடியை விட்டு விலகிவிடுங்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைப்பது மிகவும் ஆபத்து. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் அப்படியே போய்விடுவார்கள்.

ஊர் திரும்பிய பிறகும் ஒரு கவனிப்பு உண்டு. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பூச்சி கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரும். வெறும் புல்லில் குழந்தையை உட்கார வைக்காமல் கெட்டியான விரிப்புப் போடுங்கள், முழுக்கைச் சட்டை மாட்டுங்கள். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு இங்கெல்லாம் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும், "வெளியூர் போய்ப் புல்வெளியில் தங்கினோம்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சுலபமாகக் குணமாகிற காய்ச்சல் இது.

எங்கே போகலாம்?

முதல் தடவை, ராத்திரி தங்காமல் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். எங்களுக்குப் பூண்டி பக்கம். காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினால் சாயங்காலம் வீடு. 1944-ல் கட்டிய அந்த நீர்த்தேக்கத்துக்குக் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் மட்டுமில்லை. 1996 முதல் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரும் வருகிறது. நம் ஊரில் சொட்டு மழை இல்லாமலே அங்கே தண்ணீர் ஏறலாம். ஆகவே அது பகலில் பார்த்துவிட்டு வரும் இடம். கூடாரம் அடிக்கும் இடமில்லை.

அங்கே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முன் மனிதர்கள் செய்த கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. தண்ணீரும் நல்ல கல்லும் கிடைக்கிற இடமாகப் பார்த்துத் தங்கியிருக்கிறார்கள் நம் ஆதி மனிதர்கள்!

பழவேற்காடு போனால் ஏரியின் அழகைக் கரையிலிருந்தே பாருங்கள். 2011 டிசம்பர் 25-ம் தேதி, கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவர்கள் ஏறிய படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எந்த ஊரானாலும், ஆளுக்கொரு மிதவைச் சட்டை இல்லாத படகில் குழந்தையோடு ஏறாதீர்கள்.

ராத்திரி தங்கித்தான் தீரவேண்டும் என்றால் ஏலகிரி சௌகரியம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே தோட்டமும் வயலும் வீடுமாக இருக்கும். புங்கனூர் ஏரியில் படகும் உண்டு. வேலி போட்ட தோட்டத்துக்குள், மேடான தரையில் கூடாரம் தரும் இடமாகப் பாருங்கள். முடிந்தால் வீட்டுக்காரரை முன்னதாக ஒரு தடவை அனுப்பி, பகலில் பார்த்து வரச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் கேட்ட எதிர்த் தெருப் பெண், "அக்கா, எனக்குப் பயமா போச்சு. போகவே வேண்டாமோ?" என்றாள்.

எனக்கு முன்னால் அத்தை பதில் சொல்லிவிட்டார்கள். "போகாம இருக்கச் சொல்லலை கண்ணு. கொழந்தைங்க ஆத்தையும் மானத்தையும் பார்க்கணும். நீ மட்டும் மொதல்ல முள்ளைப் பாரு."

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூண்டி போய்விட்டு வந்தார்கள். கரையில் இறங்கியதுமே மூன்று வயதுச் சின்னது ஒரு புதரைக் காட்டி, "அம்மா, குப்பை எங்க மாட்டியிருக்கு?" என்று கேட்டதாம். அம்மா சொல்லிக்கொண்டே வந்தது அதன் காதிலும் விழுந்திருக்கிறது!

உங்கள் குடும்பம் தண்ணீர் ஓரத்தில் தங்கிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.