ஆச்சிக்கு ஒரு கல்யாண டிஸ்க்



சங்கரன்கோவில் பக்கம் ராயகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் கல்யாணத்தைப் படம் பிடித்தவர் முகூர்த்தம், வரவேற்பு எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டாராம். வீட்டு ஸ்மார்ட் டி.வி.யில் அருமையாக ஓடுகிறது. ஆனால் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் ஆச்சி வீட்டில் பழைய பெட்டி டி.வி.யும் ஒரு டி.வி.டி. பிளேயரும்தான். "அந்தக் குச்சியெல்லாம் எனக்கு வெளங்காது. சி.டி.யாத் தந்தா நானே போட்டுப் பாத்துக்கிடுவேன்" என்று ஆச்சி சொல்லிவிட்டார். பேரன் லேப்டாப்பில் ஃபைலை அப்படியே டிஸ்க்கில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான். பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, படிக்க முடியவில்லை என்று கதவைத் திறந்துவிட்டது. "இதற்கு ஏதாவது வழி உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு. கேட்டது ஒருவர்தான் என்றாலும் இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. அதனால்தான் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன். இனி டிஸ்க் எதற்கு, ஆச்சிக்கு ஒரு புது டி.வி. வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளேயரின் பொத்தான்கள் அவர் கைக்குப் பழகியவை. யாரையும் கூப்பிடாமல், நினைத்த நேரத்தில் பேத்தி கல்யாணத்தைப் பார்க்க முடிகிற வசதி அது.

பேரன் செய்ததில் தவறொன்றும் இல்லை. அவன் தயாரித்தது டேட்டா டிஸ்க். கம்ப்யூட்டர் அதைப் படிக்கும். பழைய டி.வி.டி. பிளேயர் எதிர்பார்ப்பது வேறு. டிஸ்க்குக்குள் 'வீடியோ டி.எஸ்.' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். நம் நாட்டு டி.வி.க்கான 'பால்' (PAL) முறைக்கு 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம் என்பது கணக்கு. இன்றைய கேமராக்கள் 4கே அளவில், எச்.264 அல்லது எச்.265 முறையில் எடுத்துத் தருகின்றன. 1990-களில் வகுத்த விதிப்படி செய்த பிளேயருக்கு அது புரியாத பாஷை. ஆகவே முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். டி.வி.டி. ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் செய்யும். ஃபைலை இழுத்துப் போட்டு 'பால்' என்று தேர்ந்தெடுத்தால் போதும். மாற்றி முடிக்கச் சில மணி நேரம் ஆகலாம்.

இங்கே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் கோட்டை விடுவது இதில்தான். சாதாரண டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. அதில் ஒரு மணி நேரப் படத்தை ஏற்றினால் தரம் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் கிடைக்கும். அதுவும் நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் திணித்தால் மூன்றரைக்கு இறங்கிவிடும். உட்கார்ந்து பேசுகிற காட்சிகளில் குறை தெரியாது. கெட்டிமேளம் கொட்டுகிற அந்தச் சில நொடிகளில்தான் தெரியும். நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் புள்ளிகள் ஆளுக்கொரு திசையில் போகின்றன. படத்தைச் சுருக்கும் முறை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாறாமல் இருப்பதை விட்டுவிட்டு மாறியதை மட்டும் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கிறது. எல்லாமே மாறும்போது அதற்கு இடம் போதாது. தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். ஆச்சி திரும்பத் திரும்பப் பார்க்கப்போவதும் அந்த இடத்தைத்தான். ஆகவே இரண்டு டிஸ்க்காகப் போடுங்கள்: முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று. மென்பொருளில் 'டூ பாஸ்' என்ற வசதி இருந்தால் அதையும் போடுங்கள். முதல் சுற்றில் படம் முழுவதையும் அளந்து பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றில் அட்சதைக்கு அதிகமாகவும் பந்தி வாசலுக்குக் குறைவாகவும் இடம் ஒதுக்கும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பெட்டி டி.வி. படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். மணமக்கள் பெயரைத் திரையின் விளிம்பில் எழுதியிருந்தால் பாதி காணாமல் போகும். எழுத்தை உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அகலப் படத்தைப் பழைய டி.வி.யில் போடும்போது எல்லோரும் நெட்டையாக, ஒல்லியாகத் தெரிந்தால் டிஸ்க்கில் கோளாறு இல்லை. பிளேயரின் செட்டப்பில் 'லெட்டர் பாக்ஸ்' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஆச்சி வீட்டில் இருப்பது டி.வி.டி. பிளேயர்தானா, வெறும் வி.சி.டி. பிளேயரா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வி.சி.டி. பிளேயரின் லேசர் ஒளிக்கு டி.வி.டி.யின் நுண்ணிய குழிகளைப் படிக்க முடியாது. 1993-இல் வந்த வி.சி.டி. முறையில் படம் 352-க்கு 288 புள்ளிதான், ஒரு சி.டி.யில் 80 நிமிடம் வரைதான். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு சி.டி.யாக வந்ததற்கும், இடைவேளையை ஒட்டி யாராவது எழுந்துபோய் அடுத்த சி.டி.யை மாற்றியதற்கும் காரணம் அதுதான். அமெரிக்காவில் இந்த முறை வேரூன்றவே இல்லை. ஆசியாவில்தான் கொடிகட்டிப் பறந்தது. நம் ஊர்ப்பக்கம் 2006-இல் தமிழக அரசு இலவசமாக 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு, அதன் மேலேயோ பக்கத்திலேயோ ஒரு பிளேயர் வந்து உட்கார்ந்த வீடுகள் ஏராளம். 2007-இல் மோசர் பேர் நிறுவனம் படங்களை வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டு வி.சி.டி. எடுப்பவர்களைக் குண்டர் சட்டத்தில் கொண்டுவர 2004-இலேயே சட்டத் திருத்தம் வந்திருந்தது. நான் இங்கே சொல்லும் வழி உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு மட்டும்தான். இன்னொருவர் உழைத்து எடுத்த சினிமாவைப் பிரதி போட இதைப் பயன்படுத்த வேண்டாம்.

டிஸ்க்கில் எழுதும்போது அவசரம் கூடாது. 16 மடங்கு வேகம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் 4 அல்லது 8-இல் எழுதுங்கள். பழைய பிளேயர்கள் அப்படி எழுதியதை எளிதாகப் படிக்கும். டி.வி.டி.-ஆர் வாங்குங்கள். ஆர்.டபிள்யூ. வேண்டாம். முடிவில் 'ஃபைனலைஸ்' செய்ய மறக்காதீர்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. ரைட்டர் தனியாகக் கிடைக்கிறது. மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் சுற்றும்போது தடுமாறும். பெயரை மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதுங்கள், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்கு. எழுதி முடித்த டிஸ்க்கை ஆச்சி வீட்டுப் பிளேயரிலேயே போட்டு, கடைசிக் காட்சி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், முழுக்க நிரம்பிய டிஸ்க்கில் கோளாறு பெரும்பாலும் வெளி விளிம்பில், அதாவது படத்தின் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டும்.

இந்தக் கடிதம் எனக்கு இன்னொரு கவலையையும் கிளப்பிவிட்டது. இப்படிப் பழைய பிளேயர் இருக்கும் வீடுகளின் பீரோவில் 2000-க்குப் பிறகு எடுத்த டிஸ்க்குகள் கிடக்கின்றன. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், அம்மன் கோயில் கொடை. வீட்டில் எழுதும் டிஸ்க்கில் படம் பதிவது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தை மங்கச் செய்யும். சி.டி.யில் அந்தப் பூச்சு மேல்பக்கம், லேபிளுக்கு அடியில் மெல்லிய அரக்குப் படலத்துக்குக் கீழேதான் இருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்து, மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதி வீணான சி.டி.க்கள் எத்தனையோ. சினிமா வேறெங்காவது பிழைத்துக்கொள்ளும். உங்கள் ஊர்க் கொடையில் அந்த ஆண்டு வந்த வில்லுப்பாட்டுக் குழு பாடியது உங்கள் தெருவில் உள்ள நாலைந்து டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இருக்காது. பாடிய அண்ணாவி இன்று உயிரோடு இல்லாமலும் இருக்கலாம்.

அந்தப் பதிவுகளைக் காப்பாற்றுவது டிஸ்க் எழுதுவதைவிட எளிது. வி.சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டால் 'எம்பெக் ஏ.வி.' என்றொரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் 'டி.ஏ.டி.' (.dat) என்று முடியும் ஃபைல்தான் படம், அதை நகலெடுங்கள். டி.வி.டி. என்றால் 'வீடியோ டி.எஸ்.' ஃபோல்டரை முழுசாக ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். தரம் துளியும் குறையாது. நடுவில் நின்றுவிட்டால் மனம் தளர வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். பிறகு வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. நகலை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, ஊர், விசேஷம், பாடியவர் பெயர் நான்கையும் எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய்தால் பெயர்கள் தப்பாமல் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்