சேமிப்பகத்தின் வேகமும் மாணவரின் பணமும்

உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கித் தம் கையாலேயே கணினி பூட்டிக்கொள்ளும் வழக்கம் மாணவரிடையே காணப்படுகின்றது. இது பாராட்டத்தக்கதே. ஒரு யந்திரத்தைத் தானே பூட்டியவன் அதன் இயல்பை அறிவான்; பழுது நேர்ந்தவிடத்துப் பிறர் கையை எதிர்பாரான். ஆயினும், சேமிப்பகத்தைத் தெரிந்தெடுக்கும்போது, பெட்டியின்மேல் அச்சிட்ட பேரெண்ணைக் கண்டு மயங்கி, வேண்டாத வேகத்திற்குப் பொருளைச் செலவிடுவோர் பலர் என்பது நமது அபிப்பிராயம். அதுபற்றிச் சில கூறப் புகுகின்றோம்.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனம், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுக்களை உடையது. அத்தனையும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துக்களையே தாங்கின. அன்று தொட்டு வன்தட்டு உருவிற் சிறுத்தும் கொள்ளளவிற் பெருத்தும் வந்துள்ளதேனும், சுழலுதலாகிய அதன் இயல்பு மாறிற்றில்லை. நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு 8 மில்லி விநாடிக்கு மேலாகின்றது. வேண்டிய செய்தி படிக்கும் முனையின்கீழ் வந்து சேருமளவும் கணினி வாளா காத்திருத்தல் வேண்டும். கணினியைத் தொடங்குங்கால் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் எண்ணிறந்த சிறு கோப்புக்களைப் படிக்க வேண்டியிருத்தலின், இச்சிறு தாமதங்கள் ஒன்றுகூடிப் பெருந்தாமதமாகின்றன.

தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா என்னும் ஜப்பானியப் பொறியறிஞர் கண்ட ஃபிளாஷ் நினைவகமே இக்குறையை நீக்கிற்று. அவர் 1987இல் வெளிப்படுத்திய நாண்ட் வகையே இக்காலத்து எஸ்.எஸ்.டி.களுக்கு அடிப்படை. இதிற் சுழல்வது யாதுமில்லை. மில்லி விநாடிக் கணக்கு மைக்ரோ விநாடிக் கணக்காயிற்று. ஆதலின், வன்தட்டை விட்டு எஸ்.எஸ்.டி.க்கு மாறுவோன் அதன் பயனைக் கண்கூடாகக் காண்பான். இதில் ஐயமில்லை.

ஐயம் அதற்கு அடுத்த படியிலேதான் எழுகின்றது. சாட்டா வழியாக இணைக்கும் எஸ்.எஸ்.டி. விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட் தரும். 2011இல் வெளியான என்.வி.எம்.இ. விதிமுறையைத் தழுவியவை பி.சி.ஐ.இ. வழியே இயங்குவன. அவற்றுள் மூன்றாம் தலைமுறையின சுமார் 3,500 மெகாபைட்டும், நான்காம் தலைமுறையின 7,000 மெகாபைட்டும், ஐந்தாம் தலைமுறையின 14,000 மெகாபைட்டும் வரை தரவல்லன. பெட்டிகளின்மேற் காணும் எண்கள் இவையே. ஆனால் இவை ஒரே பெருங்கோப்பை இடையறாது படிக்கும்போது கிட்டும் உச்ச வேகங்கள். கட்டுரை எழுதுதல், நிரல் இயற்றுதல், நூல் படித்தல் முதலிய அன்றாட வேலைகளிற் கணினி படிப்பன சிறுசிறு துண்டுகளேயாம். அங்கே தலைமுறைகளுக்கிடையேயுள்ள வேற்றுமை மிகச் சிறிது. மதகு எத்துணை அகன்றிருப்பினும், குடத்தால் முகப்பவனுக்குக் கிடைப்பது குடத்தளவே அன்றோ?

திரைப்படத் தொகுப்பில் ஈடுபடுவோர்க்கும், பெருங்கோப்புக்களை நாடோறும் இடம் மாற்றுவோர்க்கும் அவ்வேகம் பயன்படும் என்பதை நாம் மறுக்கவில்லை. சாதாரண மாணவனுக்கு அஃது அவசியமன்று என்பதே நம் வாதம்.

பின், அவன் நோக்கவேண்டுவன யாவை? முதலாவது, தாய்ப்பலகை. எம்.2 என்னும் பொருத்துவாயில் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமுமுள்ள பலகை பொருந்துமாயினும், சில வாய்கள் சாட்டாவை மட்டும், சில என்.வி.எம்.இ.யை மட்டும் ஏற்பன. பழைய வாயிற் புதிய தலைமுறைச் சாதனத்தைச் செருகின் பழைய வேகமே கிட்டும். இரண்டாவது, நினைவகத்தின் வகை. அணுவறை ஒன்றில் மூன்று பிட்டுக்களை வைப்பது டி.எல்.சி.; நான்கு வைப்பது க்யூ.எல்.சி. பின்னது மலிவேனும், நெடுநேரம் எழுதுகையில் அதன் விரைவுப் பகுதி நிரம்பியதும் வேகம் தளர்ந்து, சிலவற்றில் வன்தட்டுக்கும் கீழாக இறங்கிவிடும். மூன்றாவது, உழைக்குங் காலம். 1 டெராபைட் டி.எல்.சி. சாதனங்கள் பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும்வரை உறுதி தரப்படுகின்றது. நாளொன்றுக்கு 50 கிகாபைட் எழுதினும் அவ்வளவை எட்ட 32 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே தேய்ந்துபோமென்று அஞ்சவேண்டுவதில்லை.

அஞ்சவேண்டுவது வேறொன்றுண்டு. வன்தட்டு பழுதுறுமுன் சிலபோது ஒலியால் எச்சரிக்கும்; எஸ்.எஸ்.டி.யோ யாதொரு குறியுங் காட்டாது திடீரென நின்றுவிடுதல் கூடும். அன்றியும், அழித்த கோப்புக்களை அதிலிருந்து மீட்டல் மிக அரிது. மூன்றாண்டுக் குறிப்புக்களும் ஆராய்ச்சிக் கட்டுரையும் ஒரே சாதனத்தில் இருப்பின், அது நின்ற நாளில் அவனுக்கு மிஞ்சுவது யாது? 14,000 மெகாபைட் வேகம் அவற்றுள் ஒரு வரியையேனும் மீட்டுத் தருமோ?

ஆதலின் நாம் கூறுவது இது. நம் மாணவர் நான்காம் தலைமுறை டி.எல்.சி. சாதனமொன்றை, ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு கிடைப்பின் அதனையே, வாங்குக. தாய்ப்பலகை பழையதாயின் மூன்றாம் தலைமுறையதே போதும். ஐந்தாவதற்கென வைத்த பணத்தில் மிஞ்சுவதோடு சிறிது சேர்த்து, வெளியே இணைக்கும் வன்தட்டொன்றையும் வாங்கி, வாரந்தோறும் தம் கோப்புக்களுக்குப் படி எடுத்து வைப்பாராக. அவ்வன்தட்டு மெதுவாகச் சுழல்வதாற் குற்றமில்லை. படி எடுக்கும் வேலைக்கு அவ்வேகம் தாராளமாகப் போதும்.