தன்புராணக் கடிதம்

ஆண்டு பிறந்ததும் உற்றார்க்கும் நண்பர்க்கும் நீண்ட கடிதம் எழுதி நலம் விசாரிக்கும் வழக்கம் நம்மிடையே அருகிவிட்டது. வாழ்த்து மடலிற் கையொப்பமிட்டு அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணிய காலமும் போய், இப்பொழுது கைத்தொலைபேசியில் ஒரு பூங்கொத்துப் படத்தை அனுப்புவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. கொழும்பு பார்ண்ஸ் பிளேஸில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர் இவ்வழக்கத்தை வேறு விதமாகக் கையாண்டார். உலகின் நாலா திக்கிலும் இருந்த நண்பர்களுக்குத் தனித்தனியே எழுத அவகாசமில்லாமையால், ஆண்டுக்கொரு முறை ஒரே கடிதத்தை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுவார். அதற்கு அவர் சூட்டிய பெயர் ‘ஈகோகிராம்’. ‘நான்’ என்னும் அகந்தையைக் குறிக்கும் சொல்லோடு தந்தியின் வாலை ஒட்டவைத்த பெயர் அது. தமிழிலே ‘தன்புராணக் கடிதம்’ எனலாம். தன்புராணம் பாடப்போகிறேன் என்று தாமே முகப்பில் எழுதிவிட்ட மனிதரை எவர்தாம் குறைகூற இயலும்?

அம்மனிதர் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளார்க். இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் 1917 டிசெம்பர் 16 ஆந் திகதி பிறந்து, 1956 இல் இலங்கையிற் குடியேறி, 2008 மார்ச் 19 ஆந் திகதி கொழும்பிலேயே கண்மூடியவர். அக்கடிதங்களில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? எந்த நூல் அச்சேறுகிறது, எவருடன் சேர்ந்து எதை எழுதுகிறார், யார் வீடு தேடி வந்தார்கள், தேகநிலை எப்படி என்பனவே பெரும்பகுதி. ‘பெப்சி’ என்று பெயரிட்டு அவர் வளர்த்த சிவாவா இனத்துச் சின்னஞ்சிறு நாய்க்கும் அவர் வாழ்வில் ஓர் இடம் இருந்தது. வியாழனின் சந்திரர்களும் மடியிற் கிடக்கும் நாயும் அவருக்கு ஏறக்குறைய ஒரே அளவான மகிழ்ச்சியைத் தந்தன போலும்.

பெரிய எழுத்தாளர் என்றால் எந்நேரமும் புருவத்தை நெரித்துக்கொண்டு மேசை முன் அமர்ந்திருப்பார் என்பது நம்மிற் பலரின் எண்ணம். கிளார்க்கின் வாழ்க்கையை நோக்கினால், மேசையை விட்டு எழுந்து அவர் செய்தவையே பின்னர் மேசைக்குத் திரும்பி வந்து நூல்களாயின என்று தெரிகிறது. சிறுவராயிருந்தபோது தந்தையார் கொடுத்த சிகரெட் பெட்டிப் படம் ஒன்றில் ஆதிகாலத்து விலங்கொன்றைக் கண்டு, அன்று முதல் அழிந்துபோன இராட்சதப் பல்லிகளின் மீது மோகங் கொண்டார். அம்மோகத்துக்குக் கிடைத்த பரிசு தாமதமாக வந்தது: அவுஸ்திரேலியாவிற் கண்டெடுக்கப்பட்ட அவ்வினத்து விலங்கொன்றுக்கு 2003 இல் அவருடைய பெயரையே இட்டார்கள்.

இலங்கைக்கு அவரை இழுத்து வந்தது வானமன்று, கடல். நீருக்குள் மூழ்கும் மனிதன் தன் பாரத்தை இழக்கிறான். விண்வெளி செல்பவன் உணரப்போவதும் அதுவேதான் என்று அவர் கருதினார். விண்கலம் இன்னும் பறவாத காலம் அது. ஆகவே கையருகே கிடைத்த விண்வெளியாகிய கடலிலே இறங்கினார். தம் நண்பர் மைக் வில்சனுடன் சேர்ந்து நம் கரையோரத்து முருகைக்கற் பாறைகளிடையே சுழியோடிக் கண்டவற்றை ‘தப்ரபேனின் பாறைத்தொடர்கள்’ என்னும் நூலாக 1957 இல் வெளியிட்டார்.

திருக்கோணமலையில், சுவாமி மலையின் அடிவாரத்துக் கடலில், 1956 இல் அவர்கள் இறங்கியபோது கண்ட காட்சி நமக்கு விசேடமானது. பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் செதுக்கிய கற்களும் தூண்களும் அங்கே நீருக்கடியிற் கிடந்தன. பாடல் பெற்ற தலம் என்று நாம் ஏடுகளிற் படித்து உருகிய ஒன்றை, சைவமும் தமிழும் அறியாத இரு பிறநாட்டார், முதுகிலே காற்றுக்கலம் சுமந்து சென்று கண்ணாரக் கண்டார்கள். அக்கற்களைக் கிளார்க் மறக்கவில்லை என்பதற்குச் சான்று பின்னர் வரும்.

தென்கிழக்குக் கரைக்கு அப்பால், சிங்கள மக்கள் பெரிய இராவணன் கோட்டை என்று அழைக்கும் பாறைத்தொடரில், 1961 இல் வில்சன் ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டார். ஒளரங்கசீப் காலத்துச் சூரத் நாணயங்கள், வெள்ளி ரூபாய்கள், கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தன. இக்கதையை விவரிக்கும் நூல் 1964 இல் வெளிவந்தது. புதையல் கிடைத்தால் மனிதர் செல்வராவர் என்பது பாட்டிகள் சொல்லும் கதை. கிளார்க்குக்குக் கிடைத்தது ஒரு நூலுக்கான விடயம். அதுவே போதுமென்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

இடையில் 1962 இல் ஒரு பேரிடி. தலையில் ஏற்பட்ட அடியினால் வந்ததென்று முதலில் நினைத்த ஒரு முடக்கம், கைகால்களைச் செயலிழக்கச் செய்தது. இளம்பிள்ளைவாதமே காரணம் என்று பின்னர் கொள்ளப்பட்டது. மெல்ல மெல்ல எழுந்து நடமாடினார்; ஆயினும் அந்நோயின் பின்விளைவு எண்பதுகளிலே திரும்பி வந்து, கடைசிக் காலத்திற் சக்கர நாற்காலியில் இருத்திவிட்டது. இவ்வளவுக்கும் நடுவே அவர் கைவிட மறுத்த பொழுதுபோக்கு மேசைப்பந்து. கொழும்பிலுள்ள ஒட்டர்ஸ் கழகத்துக்குச் சென்று, கால்கள் ஒத்துழையாத காலத்திலும் மட்டையைப் பிடித்தார். வேற்றுலகத்தாரோடு மனிதன் எங்ஙனம் உரையாடுவான் என்று காலையில் எழுதிய கை, மாலையில் ஒரு சிறு பந்தைத் துரத்தியது. எனக்கு அவருடைய நூல்களிற் சிலவற்றைக் காட்டிலும் இச்செய்தி மிகவும் பிடிக்கும்.

இனிப் பிரசுர விடயங்களுக்கு வருவோம். விண்வெளியில் நிலைத்து நின்று செய்தி அஞ்சல் செய்யும் செய்மதிகளைப் பற்றி அவர் 1945 ஒக்தோபரில் இலண்டன் சஞ்சிகையொன்றில் எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் பொருள் பூமியைச் சுற்றிவர ஒரு நாள் ஆகும். பூமியும் ஒரு நாளில் தன்னைத்தானே சுற்றுவதால், கீழிருந்து பார்ப்பவனுக்கு அப்பொருள் வானில் ஆணியடித்தாற்போல ஓரிடத்தில் நிற்கும். அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுவதும் பேசலாம் என்பது அவர் கணக்கு. அக்கட்டுரைக்குக் கிடைத்த சன்மானம் 15 பவுண். காப்புரிமை எடுக்காமற்போனதை எண்ணி, ஓய்வு நேரத்திலே தாம் நூறு கோடி டொலரை இழந்த விதம் பற்றிப் பிற்காலத்தில் ஒரு கட்டுரையும் எழுதினார். அதற்கும் சன்மானம் வாங்கியிருப்பார் என்று நம்புவோம்.

1975 இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துப் பொறியியலாளர் வந்து அவர் வீட்டில் ஒரு பெரிய வாங்கித் தட்டைப் பொருத்தினர். அமெரிக்கச் செய்மதியொன்றை ஓராண்டு இரவல் பெற்று, 2,400 கிராமங்களுக்கு இந்தியா தொலைக்காட்சி காட்டிய காலம் அது. இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் எழுந்ததோ 1979 இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, கொழும்பில் ஒரு வீட்டில் மட்டும், இந்தியக் கிராமத்தாருக்கு நடத்திய பயிர்ப்பாடம் தெரிந்தது!

1982 இல் வந்த ‘2010’ என்னும் நாவலின் பிரசுரக் கதை இன்னும் சுவையானது. எழுத்தாளர் பலர் தட்டெழுத்துப் பொறியோடு மல்லாடிய அந்நாளில் அவர் கணனியில் எழுதினார். நாவல் முழுவதும் ஐந்து அங்குல அகலமான ஒரே காந்தத் தகட்டில் அடங்கிக் கொழும்பிலிருந்து நியூயோர்க் சென்றது. கடைசி நேரத் திருத்தங்களை என் செய்வது? அவை பாதுக்கை செய்மதி நிலையத்துக்குப் போய், இந்து சமுத்திரத்தின் மேலே நிற்கும் செய்மதிக்குத் தாவி, அமெரிக்கப் பிரசுரகர்த்தரை அடைந்தன. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் 15 பவுணுக்கு விற்ற எண்ணம், தன்னை எண்ணியவனின் அச்சுப் பிழையைத் திருத்த வந்து நின்றது. இதை அந்நூலின் இறுதிக் குறிப்பில் அவரே பெருமையுடன் சொல்லியிருக்கிறார். பின்னர் அந்நாவலைப் படமாக்கிய பீற்றர் ஹையம்ஸ் அமெரிக்காவிலிருந்தும் கிளார்க் கொழும்பிலிருந்தும் தொலைபேசிக் கம்பி வழியே கணனிக் கடிதங்களை எழுதிக்கொண்டனர். அக்கடிதங்களும் தனி நூலாயின. இந்த மனிதர் கையிற் பட்டது எதுவும் நூலாகாமற் தப்பியதில்லை.

எல்லாச் செய்திகளும் இனிமையானவை அல்ல. ‘2001’ நாவலும் திரைப்படமும் ஸ்ரான்லி கியூபிரிக்குடன் கூடிச் செய்த வேலை. நாவலை வெளியிடக் கியூபிரிக் இணங்காமற் காலங்கடத்தியதால், படம் 1968 ஏப்ரலில் திரைக்கு வந்த பின்னரே அது கடைக்கு வந்தது. பணமுடை மிகுந்த அக்காலத்தில் அத்தாமதம் அவரை வாட்டியது. ஆயினும் மனக்கசப்பை நெடுநாள் அடைகாக்கும் இயல்பு அவரிடம் இருக்கவில்லை. ஐசாக் அசிமோவுடன் அவர் செய்துகொண்ட உடன்படிக்கையை இங்கே சொல்லவேண்டும். நியூயோர்க்கில் ஒரு வாடகைக் காரில் இருவரும் செல்லுகையில், உலகின் தலைசிறந்த விஞ்ஞானக் கட்டுரையாளர் அசிமோவே என்று கிளார்க் சொல்லவேண்டும், தலைசிறந்த விஞ்ஞானக் கதாசிரியர் கிளார்க்கே என்று அசிமோவ் சொல்லவேண்டும், அவரவர் துறையில் மற்றவர் இரண்டாமிடத்தை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்களாம். நம் எழுத்தாளர் சங்கங்களிலும் இப்படியோர் உடன்படிக்கை இருந்தால் எத்தனையோ கூட்டங்கள் அமைதியாக முடியும். சிறுகோள்களிலும் இருவருக்கும் இடம் உண்டு: 4923 ஆவது கிளார்க், 5020 ஆவது அசிமோவ். 2001 ஆம் இலக்கம் தமக்குக் கிடைக்காததில் கிளார்க்குக்கு வருத்தம். அதை ஐன்ஸ்ரைன் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டார்.

அவர் எழுத்தில் எனக்குக் குறையே தோன்றாமலில்லை. அவருடைய கதாபாத்திரங்கள் பெரும்பாலும் கெட்டிக்காரர்களாய் இருக்கிறார்களே தவிர, நம் அயல்வீட்டாரைப்போல மனத்தில் நிற்பதில்லை; பெண்களோ வாசலிற் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் இடங்கள் நிற்கின்றன. 1979 இல் வந்த ‘பரதீசின் ஊற்றுக்கள்’ நாவலில், பூமிக்கும் வானுக்கும் இடையே ஒரு மின்தூக்கி கட்டுவதற்காக இலங்கைத் தீவையே தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்துவிட்டார். சீகிரியாவையும் சிவனொளிபாதமலையையும் பெயர் மாற்றிக் காட்டினாலும் நமக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது.

2007 டிசெம்பரில் தொண்ணூறாவது பிறந்தநாள் வந்தபோது, உலகத்தாருக்கு ஒளிப்படச் செய்தியொன்று விடுத்தார். அதில் மூன்று விருப்பங்களைச் சொன்னார். பூமிக்கு அப்பால் உயிர் உண்டென்பதற்குச் சான்று கிடைக்கவேண்டும்; மனிதர் எண்ணெயை நம்பி வாழ்வதை விடவேண்டும்; தாம் ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த இலங்கையில் நிலையான சமாதானம் வரவேண்டும். முதலிரண்டும் அவரிடம் எவரும் எதிர்பார்த்தவையே. மூன்றாவதைச் சொன்னபோது குரல் வானத்தைப் பற்றிப் பேசவில்லை. அவ்வேளை இங்கே யுத்தம் மிக உக்கிரமாக நடந்துகொண்டிருந்தது. ஆயுதங்கள் ஓய்ந்தது 2009 மே மாதத்தில்; அவர் மறைந்து பதினான்கு மாதங்களின் பின். நிலையான சமாதானம் என்று அவர் கேட்டது அந்த ஓய்வை மட்டுமன்று என்பதை இத்தீவில் வாழும் நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அந்நாட்களில் அவர் கையில் ஒரு நூல் முடியாமல் இருந்தது. பெயர் ‘கடைசித் தேற்றம்’. உடல் இடங்கொடாமையால், தம் குறிப்புகளை முதிய நண்பர் பிரெடரிக் போலிடம் ஒப்படைத்தார். எழுதியது பெரும்பாலும் போலின் கை. முடிந்த பிரதியைக் கிளார்க் பார்வையிட்டு முடித்த சில நாட்களில் உயிர் பிரிந்தது. 2008 இன் நடுப்பகுதியில் நூல் வந்தது. கதாநாயகன் யார் தெரியுமா? ரஞ்சித் சுப்பிரமணியம் என்னும் தமிழ் வாலிபன். தந்தை திருக்கோணேஸ்வரத்தின் பிரதம குருக்கள். குருக்கள் வீட்டுப் பிள்ளைக்கு ரஞ்சித் என்ற பெயர் நம் செவிக்குச் சற்றே விசித்திரமாகப் பட்டாலும் பொறுத்துக்கொள்வோம். அவனுக்குக் காமினி என்ற சிங்கள நண்பன். அந்நட்பு தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் பேச்சு முறிகிறது. பேர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை பதினேழாம் நூற்றாண்டில் நூலோரத்திற் கிறுக்கிவைத்த புதிருக்குச் சுருக்கமான விடை காண்பது அவன் இலட்சியம். நாவல் கிளார்க்கின் சிறந்த படைப்பு என்று நான் சொல்லமாட்டேன். பின்பாதியில் வேற்றுலகத்தார் வந்து கதையைக் குழப்புகிறார்கள். ஆனால் முன்பாதியிலே தகப்பனும் மகனும் எதிரெதிரே நிற்கும் இடங்களை நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கவேண்டும்; பிள்ளைகளைக் காட்டிலும் தகப்பன்மார் படித்தால் நல்லது.

தன்புராணக் கடிதம் அதன்பின் வரவில்லை. மரணத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, கொழும்பு வீட்டில் இருந்த அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் பெட்டிகளிற் கட்டப்பட்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விண்வெளி அரும்பொருட்சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. பார்ண்ஸ் பிளேஸில் எழுதியவற்றின் மூலப்பிரதிகளைப் பார்க்க விரும்பும் கொழும்பு மாணவன் இனி வேர்ஜினியாவுக்கு விசா எடுக்கவேண்டும்.